தேர்தல் நாளுக்கு முன் அளிக்கும் வாக்கு



தேர்தல் என்று சொன்ன மாத்திரத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் நீண்ட வரிசையும், உள்ளே பெயரைச் சரிபார்க்கும் அலுவலரும், இடதுகை ஆள்காட்டி விரலில் இழுக்கப்படும் மையும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் அந்நாள் விடியுமுன்னரே, வரிசையில் நிற்காமலும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தாமலும், தம் அபிப்பிராயத்தை ஒரு சீட்டில் குறித்து, உறையிலிட்டு ஒட்டி, சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்ட பிரஜைகள் இத்தேசத்தில் இலட்சக்கணக்கில் உண்டு. எல்லையில் காவல் நிற்கும் சிப்பாய், வேற்றூர்ச் சாவடியில் பணிபுரிய அனுப்பப்படும் ஆசிரியை, கட்டிலை விட்டு இறங்க இயலாத தொண்ணூறு வயதுப் பெரியவர் ஆகியோர் அவ்வகையினர். இவர்களுடைய வாக்கு எப்படி அளிக்கப்படுகிறது, அது பழுதின்றிப் பெட்டியைச் சென்று சேர என்ன செய்யவேண்டும், அதனினும் முக்கியமாக, அது அவர்களுடைய வாக்காகவே இருப்பதற்கு வீட்டிலுள்ள மற்றவர்கள் எதைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

குடியரசு இந்தியாவின் தேர்தல் சரித்திரமே முன்கூட்டி அளிக்கப்பட்ட வாக்குகளோடுதான் ஆரம்பமாகிறது. முதல் பொதுத்தேர்தலில் தேசத்தின் பெரும்பகுதி 1952-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வாக்களித்தது. இமாசலப் பிரதேசத்துக் கின்னௌர் மலைப்பகுதியிலோ, பனி விழத் தொடங்கிவிட்டால் பாதைகள் அடைபட்டு ஊர்கள் தனித்தனியே துண்டிக்கப்பட்டுவிடும் என்பதனால், 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. அங்கே கல்பா என்னும் ஊரில் அம்மாதம் 25-ஆம் தேதி வாக்களித்த ஷியாம் சரண் நேகி என்ற பள்ளி ஆசிரியர், சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று பிற்காலத்தில் பெயர்பெற்றார். அதன்பின் எழுபது ஆண்டுகள் அவர் ஒரு தேர்தலையும் தவறவிட்டதில்லை என்பார்கள். 2022 நவம்பரில் அம்மாநிலச் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அவருக்கு வயது 105. வீட்டிலிருந்தே வாக்களிக்க வசதியுண்டு என்று அதிகாரிகள் கூறியபோது, சாவடிக்குச் சென்றே வாக்களிப்பேன் என்று முதலில் மறுத்த அப்பெரியவர், தேகநிலை இடங்கொடாமையால் பின்னர் இசைந்தார். தேர்தலுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் அதிகாரிகள் அவர் இல்லத்துக்கே சென்று அஞ்சல் வாக்கைப் பெற்றுக்கொண்டார்கள். மூன்று நாட்கள் கழித்து அவர் காலமானார். அவருடைய முதல் வாக்கு முற்பட்டதற்குக் காரணம் பருவம். இறுதி வாக்கு முற்பட்டதற்குக் காரணம் முதுமை. சாவடிக்கு வர இயலாதவனை எப்படிக் கணக்கில் கொள்வது என்பதை நம் சட்டம் இவ்விரண்டு வாக்குகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சிறிது சிறிதாகத்தான் கற்றுக்கொண்டது.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்து 60-ஆம் பிரிவு, சில வகையினர் தனி முறையில் வாக்களிக்கலாம் என்று இடங்கொடுக்கிறது. அம்முறை இன்னதென்று 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் விரிக்கின்றன. படைவீரர்களும், தேர்தல் பணியில் ஈடுபடுவோரும், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோரும் அவ்விதிகளின்படி அஞ்சலில் வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள். நெடுங்காலம் படைவீரருடைய நிலைதான் மிகப் பரிதாபமாக இருந்தது. வேட்பாளர் பட்டியல் இறுதியாகி, சீட்டு அச்சாகி, தபாலில் ஏறி, மலையுச்சிப் பாசறைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் இங்கே எண்ணிக்கை முடிந்து மந்திரிசபையும் அமைந்திருக்கும். சீட்டை மின்வழியே அனுப்பி, அங்கேயே அச்செடுத்துக் குறித்து, அஞ்சலில் மட்டும் திரும்பப் பெறும் ஏற்பாடு 2016-இல் வந்தது. அது முதன்முதலில் பரீட்சிக்கப்பட்டது நம் பக்கத்திலேயே, புதுச்சேரியின் நெல்லித்தோப்புத் தொகுதி இடைத்தேர்தலில் என்பது பலருக்குத் தெரியாது. போகும் வழி மின்வழியாயினும் திரும்பும் வழி காகிதமாகவே வைக்கப்பட்டிருப்பது குறை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை நிறை என்றே கருதுகிறேன்; கையால் தொட்டு, கண்ணால் கண்டு, ஐயம் எழுந்தால் மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கு ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்க வேண்டுமல்லவா?

முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த உரிமை நீட்டப்பட்டது 2019-இல்தான். அவ்வாண்டின் இறுதியில் ஜார்க்கண்ட் தேர்தலில் சில தொகுதிகளில் தொடங்கி, கொள்ளைநோய்க் காலத்தில் விரிவடைந்து, தமிழ்நாட்டுக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் அது வந்து சேர்ந்தது. அப்போது எண்பது வயது கடந்தோர் என்றிருந்த வரம்பை 2024-இல் எண்பத்தைந்து ஆக்கினார்கள். அவ்வாண்டு நாடாளுமன்றத் தேர்தலில் எண்பத்தைந்து கடந்தோரும், 40 சதவீதத்துக்குக் குறையாத உடற்குறை உடையோரும் நாடு முழுவதும் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. வரம்பை உயர்த்தியது எனக்கு உடன்பாடன்று. எண்பத்திரண்டு வயதில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் ஒரு தாய்க்கு உடற்குறைச் சான்றிதழ் இல்லையென்றால், அவள் இருக்க வேண்டிய இடம் எது என்று விதி சொல்லவில்லை.

2021-ஆம் ஆண்டுத் தேர்தலைச் சற்று நினைவுகூர விரும்புகிறேன். ஏப்ரல் 6-ஆம் தேதி காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரை வாக்குப்பதிவு நடந்தது. வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள், கையுறை கொடுத்தார்கள், கடைசி ஒரு மணி நேரத்தை நோய் கண்டவர்களுக்கென ஒதுக்கி, அவர்கள் பாதுகாப்பு உடை அணிந்து வந்து வாக்களிக்க வழிசெய்தார்கள். சுவாசிப்பதே ஆபத்தாகிவிட்ட காலத்தில் ஒரு பிரஜையையும் ஒதுக்கி வைக்கக்கூடாது என்று எடுத்துக்கொண்ட அந்தச் சிரமம் போற்றத்தக்கது. அதே சமயத்தில் முதியோர் அஞ்சல் வாக்கை எதிர்த்து தி.மு.க. சார்பில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, அம்முறை செல்லும் என்றது. தீர்ப்பு சரியானதே. ஆனால் வழக்கின் பின்னால் இருந்த அச்சம் அற்பமானதென்று நான் சொல்லமாட்டேன். வாக்கு சாவடியை விட்டு வெளியே வரும்போது எதை இழக்கிறது என்ற கேள்வி அதில் இருந்தது. நான் இனிப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

இரகசிய வாக்கு என்பது பழைமையான ஒன்றன்று. இங்கிலாந்தில் 1872 வரை, வாக்காளன் மேடையேறி, கூடியிருப்போர் கேட்க, தான் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயரைச் சொல்லவேண்டும். நிலம் குத்தகைக்கு விட்டவன் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்றங்கள்தாம் 1856-இல் அச்சிட்ட சீட்டு, தடுப்பு மறைவு என்ற ஏற்பாட்டைச் சட்டமாக்கின. நம் சாவடிகளில் மேசைமேல் நிறுத்தப்படும் அந்த மெல்லிய அட்டைத் தடுப்பு அதன் வாரிசு. அதற்குள் குனிந்து நிற்கும் சில விநாடிகளில் முதலாளி இல்லை, சாதித் தலைவர் இல்லை, கணவனும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டவன்கூட அதற்குள் சுதந்திரன்; கொடுத்தவனுக்கு நிரூபணம் கிடையாது.

வீட்டில் அளிக்கும் வாக்குக்கு இந்தச் சுவர் தானாக அமைவதில்லை. பிறநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. பிரான்சு தேசம், முறைகேடுகள் மலிந்தமையால், அஞ்சல் வாக்கை 1975-இல் அடியோடு நீக்கிவிட்டது. இங்கிலாந்தில், கேட்டவர்க்கெல்லாம் அஞ்சல் வாக்கு என்று தாராளமாக வழங்கிய பிறகு, பர்மிங்காம் நகரசபைக்கு 2004-இல் நடந்த தேர்தலில் அஞ்சல் வாக்குகள் களவாடப்பட்டதை நீதிமன்றம் கண்டு, அடுத்த ஆண்டு அத்தேர்தல்களைச் செல்லாதென்றது. இவற்றைக் காட்டி முதியோரின் உரிமையைப் பறிக்கச் சொல்வோர் கட்சியில் நான் இல்லை. அஞ்சல்காரர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் சீட்டுக்கும், அதிகாரிகள் நேரில் கொணர்ந்து, தம் முன்னிலையிலேயே குறிக்கச்செய்து பெற்றுச்செல்லும் சீட்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் முதியோருக்கு வகுத்தது இரண்டாவது முறை. அது நல்ல முறை. நடத்துகிறவர் கையில்தான் அதன் நன்மை இருக்கிறது.

2024 ஏப்ரலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அதிகாரிகள் வந்தபோது, எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவன் என்ற முறையில் நானும் எழுந்து சென்று வாசலோரமாக நின்றேன். அலுவலர் இருவர், காவலர் ஒருவர், நடவடிக்கைகளை விடியோ எடுப்பவர் ஒருவர், பின்னால் கட்சி முகவர்கள் என்று அந்தச் சிறு கூடம் நிறைந்துவிட்டது. சாப்பாட்டு மேசையின்மேல் அட்டைத் தடுப்பை விரித்து நிறுத்தினார்கள். மூதாட்டியின் அடையாள அட்டையைப் பார்த்து, கையொப்பம் பெற்று, சீட்டை எடுத்த இளம் அலுவலர், “பாட்டி, நீங்களே குறிக்கிறீங்களா, யாராச்சும் துணைக்கு வேணுமா?” என்று கேட்டார். பாட்டி வாய் திறக்குமுன் பக்கத்தில் நின்ற மகன், “அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது சார், நானே போட்டுடறேன்” என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். தாயை நன்கு பேணுகிறவர். மருந்துச்சீட்டில் கையெழுத்திடுவதைப்போல இதையும் ஒரு பணிவிடையாகவே எண்ணினார். அலுவலர் அவரை நோக்காமல் பாட்டியிடமே மறுபடியும் கேட்டார். “கண்ணாடி போட்டாத் தெரியும் தம்பி. அலமாரியில இருக்கு, அதை எடுத்துக் குடுக்கச் சொல்லு, போதும்” என்றாள் அம்மூதாட்டி. கண்ணாடி வந்தது. “ஐயா, நீங்க கொஞ்சம் வாசல்ல இருங்க” என்று அலுவலர் சொல்ல, மகன் வெளியே வந்து எங்களோடு நின்றார். விடியோ எடுப்பவர் கருவியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தடுப்பின் பின்னே பாட்டி சாவகாசமாகப் படித்தாள், குறித்தாள், மடித்தாள், சிறிய உறைக்குள் இட்டு, ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் இருமுறை அழுத்தினாள்.

அந்த இளைஞர் இரண்டாவது முறை கேட்டாரே, அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது ஐயா, இச்சட்டத்தின் ஜீவன். பார்வையற்றோரும் கை வழங்காதோரும் வயதுவந்த ஒருவரின் துணையை நாடலாம் என்று விதி இடங்கொடுக்கிறது. ஆனால் துணையை நாடவேண்டியவர் வாக்காளர். துணையாக வருவதற்குத் தாமே முன்வந்து நிற்பவருக்கு அங்கே ஓர் உரிமையும் இல்லை. நம் குடும்பங்களில் அன்பும் அதிகாரமும் பிரித்தறிய முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. முதியவர்களுடைய ஓய்வூதியக் கணக்கையும் பத்திரங்களையும் நாம் பார்த்துக்கொள்கிறோம். அதே கையோடு அவர்களுடைய அபிப்பிராயத்தையும் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். திருட்டு வாக்கு என்றால் முரடர்கள் சாவடியைக் கைப்பற்றுவது என்று மட்டுமே எண்ணுகிறோம். தாயின் கையிலிருந்து பேனாவை மெல்ல வாங்கிக்கொள்ளும் பிள்ளையும் அதையேதான் செய்கிறான் என்று சொல்ல எனக்கு மனம் நோகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த உறைகளின் ஏற்பாட்டையும் விளக்கவேண்டும். வாக்குச்சீட்டு சிறிய உறைக்குள் போகிறது. வாக்காளர் கையொப்பமிட்டு, உரிய அதிகாரி சான்றொப்பமிட்ட உறுதிமொழிப் படிவம் ஒன்று, 13ஏ எனப்படுவது, தனியே இருக்கிறது. ஒட்டிய சிறிய உறையும் இப்படிவமும் சேர்ந்து பெரிய உறைக்குள் போகின்றன. எண்ணிக்கையன்று பெரிய உறையைத் திறந்து, படிவம் முறையாக இருக்கிறதா, சீட்டின் வரிசை எண் படிவத்திலும் சிறிய உறையிலும் ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். முறையாக இருந்தால், பெயர் தாங்கிய படிவங்களையெல்லாம் தனிக்கட்டாக முத்திரையிட்டு அகற்றிய பிறகே சிறிய உறைகளைத் திறப்பார்கள். வாக்களித்தவர் இன்னார் என்று உறுதியும் வேண்டும், அவர் யாருக்கு அளித்தார் என்பது மறைவாகவும் இருக்கவேண்டும் என்னும் இரண்டு எதிர்மாறான தேவைகளை இரண்டு காகித உறைகளைக் கொண்டே தீர்த்துவைத்தவருடைய புத்திநுட்பத்தை நான் வியக்காத தேர்தல் இல்லை.

ஆனால் இதில் ஒரு கண்ணி தவறினாலும் வாக்கு வீண். படிவத்தில் கையொப்பம் இல்லாவிட்டால், சான்றொப்பம் இல்லாவிட்டால், படிவத்தைத் தவறுதலாகச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டால், சீட்டைத் திறந்துபார்க்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள். இருவருக்குக் குறி இட்டிருந்தாலும், யாருக்கென்று தெளிவில்லாதபடி கோட்டின்மேல் இட்டிருந்தாலும், சீட்டில் பெயரையோ கையொப்பத்தையோ எழுதித் தம்மை அடையாளம் காட்டியிருந்தாலும் செல்லாது. இவற்றில் தவறுவோர் எழுத்தறியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிறருக்கு வாக்களிக்க வழிகாட்டும் பொருட்டு வகுப்பு வகுப்பாகப் பயிற்சி பெற்ற அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமே இதில் மிகுதியும் இடறுகிறார்கள்.

இராதாபுரம் தொகுதியின் கதை இதற்கு மறுக்கமுடியாத சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதே எண்ணிக்கையில் 203 அஞ்சல் வாக்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன. காரணம், படிவங்களில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள்; அவர்கள் அதற்கு உரிய கெசட்டட் அதிகாரிகள் அல்லர் என்பது. வழக்கு மூன்றாண்டுகள் நடந்து, 2019 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அவ்வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் செய்தது. எண்ணியும் முடித்தார்கள். உச்சநீதிமன்றத்தின் தடையால் முடிவு வெளியாகவில்லை. அந்தச் சட்டமன்றத்தின் ஐந்தாண்டு ஆயுளும் அதற்குள் கழிந்துபோயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஒரு தொகுதியின் பிரதிநிதி யார் என்ற கேள்வி, 203 ஆசிரியர்களும் ஊழியர்களும் கொண்டுசென்ற காகிதத்தில் யார் கையொப்பமிட்டார் என்பதில் தொங்கி நின்றது என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள்.

இப்போது இதற்கு ஓரளவு பரிகாரம் வந்திருக்கிறது. 2023-இல் திருத்திய விதியின்படி, தேர்தல் பணியாளர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துச்சென்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்துக் கடைசி நாளில் அவசரமாக அனுப்பும் வழக்கம் நின்றுவிட்டது. பயிற்சி நடக்கும் இடத்திலேயே அமைந்த வசதி மையத்தில் பெற்று, அங்கேயே குறித்து, அங்கேயே பெட்டியில் இடவேண்டும். சான்றொப்பமிட அதிகாரியும் அங்கேயே இருப்பார். குறித்த சீட்டைச் செல்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் ஆசையை மட்டும் விதியால் முற்றும் தடுக்க முடியவில்லை. ஆசிரியப் பெருமக்களே, அப்படிப் படமெடுத்து அனுப்புகிறவர் தம் இரகசியத்தை மட்டும் கொடுப்பதில்லை. “நீயும் படத்தைக் காட்டு” என்று நாளை வற்புறுத்தப்படப்போகும் தம் சக ஊழியரின் இரகசியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

வீட்டிலிருந்து வாக்களிக்க விரும்பும் முதியோர்க்கு வேண்டுவது படிவம் 12டி. வாக்குச்சாவடி நிலை அலுவலர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் அதை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சான்றிதழின் நகலையும் இணைக்கவேண்டும். தேர்தல் தேதிகளைத் தேர்தல் ஆணையம் பத்திரிகைகளுக்குச் சொல்வது வேறு. வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளில் முறைப்படி அறிவிக்கை வெளியாவது வேறு. ஐந்து நாட்கள் என்பது பின்னதிலிருந்து. விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டால், பட்டியலில் அப்பெயருக்கு நேரே அஞ்சல் வாக்கு என்று குறி இட்டுவிடுவார்கள். அதன்பின் தேர்தலன்று மனம் மாறிச் சாவடிக்குச் சென்றால் அங்கே வாக்களிக்க முடியாது. கோலூன்றியாவது நடந்துசென்று வாக்களிக்க இயன்றவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசித்துச் செய்யுங்கள். அலுவலர்கள் வரும் நாளை முன்கூட்டித் தெரிவிப்பார்கள். வேட்பாளர்களுக்கும் பட்டியல் போகும். அன்று வாக்காளர் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதன்பின் வரமாட்டார்கள். ஆகவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளை அதற்கேற்ப மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

இச்சபையில் இருக்கும் இளைஞர்களை நான் ஒன்று வேண்டுகிறேன். உங்கள் தெருவில் எண்பத்தைந்து வயது கடந்தவர் யார், படுக்கையில் கிடப்பவர் யார், சான்றிதழ் இருந்தும் சாவடிக்கு வர இயலாதவர் யார் என்று அடுத்த தேர்தல் அறிவிப்பு வருமுன்னரே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் யாரென்று அறியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். படிவத்தை வாங்கிக் கொடுத்து, ஐந்து நாட்களுக்குள் சேர்ப்பியுங்கள். அலுவலர்கள் வந்து தடுப்பை விரித்ததும், நீங்களும் உங்கள் வீட்டாரும் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.